மொட்டைத் தலையில் மூன்றாவது ரேகை

ஐ.சி. என்கிற அடையாள அட்டைப் படத்தில் அழகாக இருக்கும் மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை. (ஆனாலும் என்னளவுக்கு யாரும் கேவலமாக இருந்ததில்லை.)

எழுபதுகளின் கடைசி. பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று அம்மா என் முடியை முருகனுக்கு நேர்ந்துகொண்டார். தைப்பூசத்தில் மொட்டை போட்டேன். அடுத்த வாரமே ஈப்போ தொழிற்சாலையில் கூப்பிட்டுவிட்டார்கள். முருகன் இவ்வளவு அவசரப்பட்டிருக்க வேண்டாம். பதினெட்டு வயதாகியும் என் ஐ.சி.யில் பன்னிரண்டு வயதுப் பொடியன்தான் முறைத்துக்கொண்டிருந்தான். அதை மாற்றி, திங்கட்கிழமை தற்காலிகச் சீட்டையாவது காட்டினால்தான் வேலை.

மொட்டைப் படத்தோடு காலம் தள்ளுவதா? நண்பன் சேகர் வழி சொன்னான்.

"மச்சான், கோயில் நாடகத்துல ராஜா வேஷத்துக்கு வச்ச முடி என்கிட்டதான் இருக்கு. கொஞ்சம் வெட்டிட்டா ஜோரா இருக்கும்லா!"

வெட்டினோம். படம் ஜோராகவே வந்தது. ஆளும் படமும் பொருந்த வேண்டுமே என்று, சனிக்கிழமை அதே முடியோடு ஐ.சி. அலுவலகத்துக்கும் போனேன்.

அன்றைய ஐ.சி.க்கு இரண்டு பெருவிரல் ரேகையும் வேண்டும். மலாய் அதிகாரி கறுப்பு மையைத் தடவி விரல்களை உருட்டிக்கொண்டிருந்தார். வேர்வையில் எனக்குத் தலை அரித்தது. பல்லைக் கடித்துப் பொறுத்தேன். முடியவில்லை. கையை உருவி, மை விரலை முடிக்குள் விட்டுச் சொறிந்தேன். ராஜாவின் முடி வழுக்கி அதிகாரியின் மேசையில் விழுந்தது.

"பொத்தாக்!" என்று அலறினார். மொட்டையை மலாயில் அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வரிசையே சிரித்தது. எனக்கு அழுகை வந்தது.

சொந்தத் தலையோடு படம் எடுத்துவரச் சொல்லி விரட்டினார். அலுவலகம் மூடப்போகிற நேரம். எதிரே அவசரப் படம் எடுக்கும் ஸ்டூடியோவுக்கு ஓடினேன்.

"தம்பி, தலையில என்ன கறுப்பா?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"ஐயோ, தொடச்சு விடுங்கண்ணே!"

"போவ மாட்டேங்குதே. கவர்மெண்டு மைலா. எடுக்கவா, வேணாமா?"

"எடுங்கண்ணே."

திங்கட்கிழமை மேனேஜர் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமலேயே வேலையைக் கொடுத்தார். முடி வளர்ந்த பிறகும், சாலைச் சோதனையில் போலீஸ்காரர்கள் படத்தில் உள்ள ரேகை எங்கே என்று அதை ஒதுக்கிக் காட்டச் சொல்வார்கள்.

இப்போது ஐ.சி.யில் சிப் வந்துவிட்டது, மையே கிடையாது. ஆனாலும் பிள்ளைகள் யாராவது ஐ.சி. மாற்றக் கிளம்பினால் என் மனைவி வாசல்வரை வந்து எச்சரிப்பாள்:

"அரிச்சாலும் தலையில கை வைக்காதீங்க. மூணு ரேகை வச்ச ஐ.சி. உங்கப்பாவோட போதும்!"