ஒன்பதாம் படி

கட்டட இன்ஸ்பெக்டர் மாசிலாமணி அந்த மரப்படிகளில் ஏறி, எந்தச் சேதமுமின்றி மாடியை அடைந்துவிட்டார். சண்முகவடிவுக்கு அதுவே பெரும் சேதமாகப் பட்டது.

ஆறு மாத வயிற்றோடு தினமும் பத்துக் குடம் தண்ணீரை அவள் அந்த வழியாகத்தான் சுமந்துகொண்டிருந்தாள். பதினான்கு படிகளில் ஒன்பதாவது உளுத்துப்போயிருந்தது. வீட்டுக்காரர் வெள்ளைத்துரையிடம் முறையிட்டால், "பிடிக்கலைன்னா காலி பண்ணிட்டுப் போங்க" என்பதே பதில். இந்த வாடகைக்கு மாம்பலத்தில் வேறு இடம் கிடைக்காது. ஆகவே, 1973-ஆம் ஆண்டு முழுவதும் அவள் மாநகராட்சிக்கு மனு மேல் மனுவாக எழுதி, நான்காவது மனுவில் இன்ஸ்பெக்டரை வரவழைத்திருந்தாள்.

"எந்தப் படிம்மா?" என்று மாடியில் நின்று திரும்பிக் கேட்டார் மாசிலாமணி.

"ஒன்பதாவது சார். மிதிச்சா உள்ள போயிரும்."

"இப்ப அதுல ஏறித்தானே வந்தேன்?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வழிகாட்டி முன்னே ஏறியவள், வழக்கம்போல் எட்டிலிருந்து பத்துக்குக் காலை வைத்திருக்கிறாள். ஃபைலிலிருந்து தலை நிமிராமல் பின்னே வந்தவரும் அப்படியே தாண்டியிருக்கிறார்.

கீழே நாற்காலியில் அமர்ந்திருந்த வெள்ளைத்துரை முகம் மலர்ந்தார். ஜவுளிக்கடை முதலாளியான அவர், ஆறு ஆண்டுகளுக்கு முன் அவ்வீட்டை வாங்கியதிலிருந்து ஒரு முறையும் மாடி ஏறியதில்லை.

"ஒம்பது குடித்தனம் ஏறி இறங்குது சார். ஒருத்தருக்காவது கீறல் உண்டுமா? கேட்டுப் பாருங்க."

கீறல் இல்லைதான். புதிதாகக் குடிவருபவருக்குக் குழாயடி எங்கே என்பதற்கு முன்பே, எந்தப் படியை மிதிக்கக் கூடாது என்பதைத்தான் அங்கே சொல்லித்தந்தார்கள்.

"கண்ணால பார்த்ததைத்தான் நான் எழுத முடியும்" என்றார் மாசிலாமணி.

சண்முகவடிவு தளரவில்லை. படிக்கட்டுக்கு நேர் கீழே சமையல் செய்துகொண்டிருந்த பருத்த சரீரம் கொண்ட கீழ்க்குடித்தன அம்பியை அழைத்தாள்.

"மாமா, ஒம்பதாம் படியைக் கொஞ்சம் மிதிச்சுக் காட்டுங்க."

"விழுந்தா எங்காத்து அடுப்பிலேன்னா விழணும்?" என்றாலும் அம்பி ஏறினார். எட்டு, பத்து. இறங்கினார். பத்து, எட்டு. மூன்றாம் முறை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினார்: "ஏழு, எட்டு, பத்து..."

"மாமா, ஒம்பது."

"நேக்குத் தெரியறதும்மா. காலுக்குன்னா தெரிய மாட்டேங்கறது" என்று அம்பி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

"இவரு கனத்துக்கே மூணு தடவை தாங்கியாச்சு. எழுதிக்கிடுங்க சார்" என்றார் வெள்ளைத்துரை.

அவள் ஒரு நிறைகுடத்தைக் கொண்டுவந்து ஒன்பதாம் படியின் ஓரத்தில் வைத்தாள். பலகை முனகக்கூட இல்லை. இரண்டாவது குடத்தை மறு ஓரத்தில் வைத்தாள். அதையும் அது சமர்த்தாகச் சுமந்தது.

"ரெண்டு குடம் தாங்குத படிக்கு வாடகையே ஏத்தலாம் போலிருக்கே. பொய் மனு எழுதினவங்க இந்த மாசமே காலி பண்ணிரணும்."

சண்முகவடிவு குடங்களை அகற்றினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "அப்ப நானே மிதிக்கேன்."

"நில்லுங்கம்மா." மாசிலாமணியின் குரல் முதன்முறையாக உயர்ந்தது. பிறகு அது வெள்ளைத்துரையிடம் மிகவும் பணிவாகத் திரும்பியது. "படி உறுதியா இருக்குன்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும், ஃபைலை மூடிடலாம். ஆனா அந்தப் படி மேலயே நின்னு கையெழுத்துப் போடணும். அதுதான் சார் நடைமுறை."

பசை வாளியுடன் உடன் வந்திருந்த பியூன் முருகையன், தன் பத்து வருட உத்தியோகத்தில் அப்படியொரு நடைமுறையைக் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் மறுபேச்சின்றிப் பேனாவை நீட்டினான்.

வெள்ளைத்துரை ஏறினார், ஒன்பதாம் படியின் நட்டநடுவில் நின்றார். 'வெள்ளை' வரை பலகை பொறுத்துக்கொண்டது. 'துரை' தொடங்குமுன் அவரது வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று.

கீழேயிருந்து அம்பியின் குரல் கேட்டது: "சார், உங்க செருப்பு ஒண்ணு எங்காத்து மோர்ப் பானையிலே மிதந்துண்டிருக்கு."

அம்பியும் முருகையனும் அவரை மீட்டெடுப்பதற்குள் மாசிலாமணி உத்தரவை எழுதி முடித்திருந்தார். பதினைந்து நாட்களில் வீட்டுக்காரர் தம் செலவில் படிக்கட்டு முழுவதையும் புதிதாக அமைக்க வேண்டும், அதைக் காரணமாக வைத்து எவரையும் காலி செய்யச் சொல்லலாகாது, வாடகையையும் உயர்த்தலாகாது. எழுதியதைப் பியூனிடம் கொடுத்துவிட்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார்.

சுவரில் உத்தரவை ஒட்டிக்கொண்டிருந்த முருகையனிடம் சண்முகவடிவு கேட்டாள்: "ஏண்ணே, உங்க சார் ஃபைலை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லையே. முதல் தடவையே ஒம்பதாம் படியை எப்படித் தாண்டினாரு?"

முருகையன் பசைக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"இருவது வருசம் முன்னால ஐயா இதே மாடிலதாம்மா குடியிருந்தாரு, இந்தப் படிக்கு மொத மனு எழுதினதே அவுருதான், வந்து பாக்க ஒரு ஆளும் வரலைன்னுட்டுத்தான் பரீச்சை எழுதி இந்த வேலைக்கு வந்து, போன வாரம் இந்த வார்டைக் கேட்டு வாங்கிக்கினாரு."