மூணு மடக்கு

பினாங்கில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், கப்பல் மாறுகிற அவசரத்தில் இரண்டு மணி நேரம் இறங்கி நின்றவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தாலும் மூணு மடக்கு அண்ணனைப் போல ஒரு கட்டுப்பாடான மனிதரைக் காட்ட முடியாது. கள்ளோ, பீரோ, காப்பியோ, ரசமோ, வைத்தியர் கொடுத்த கஷாயமோ, எதுவானாலும் மூன்றே மடக்கு. நாலாவது மடக்கு அந்தத் தொண்டைக்குள் இறங்கியதே கிடையாது. தண்ணீர்மலை முருகன் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவேன்.

அவர் ஜெட்டியில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, மூட்டைக்கு ஒரு கோடு போடுவது உத்தியோகம். நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஓர் அரிசி மண்டியில் குமாஸ்தா. எங்கள் மூட்டைகளைப் பார்க்கப் போய்ப் போய்ப் பழக்கம். அவருக்கு நீளமான ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்ததாம். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கழுத்துவரை பித்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, காதில் பென்சில், கக்கத்தில் குடை. வெயிலானாலும் மழையானாலும் அந்தக் குடையை விரித்து யாரும் பார்த்ததில்லை.

"அதென்னண்ணே மூணு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மொத மடக்கு நாக்குக்கு தம்பி. ரெண்டாவது தொண்டைக்கு. மூணாவது வயித்துக்கு. மூணு பேரும் சாட்சி சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்கு நாலாவது?"

"குடிக்கிறதுக்குத்தான்!"

"அதுக்குத்தான் ஊர்ல இத்தனை பேர் இருக்காங்களே லா."

மூன்றாவது மடக்கு இறங்கியதும் கண்ணை மூடிக்கொள்வார். ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே இருப்பார். பிறகு தீர்ப்பு. மிச்சம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. அதனால் கள்ளுக்கடையில் அவர் பக்கத்து இடத்துக்கு எப்போதும் அடிதடி. தீர்ப்பிலே பெரும்பாலும் வருவது "பரவால்ல." கொஞ்சம் உயர்ந்தால் "நல்லாருக்கு." எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பட்டம் உண்டு. அதற்கு ஒரே வார்த்தை: "பசி!" நல்ல சரக்கு உள்ளே போனால் வயிறு சோறு கேட்க வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். அந்தப் பட்டத்தைச் சொல்லும்போது பல்வலிக்காரர் மாதிரி முகம் சுளித்துக் கண்ணில் நீர் வந்துவிடும். ஒரு தென்னங்கள்ளுக்கு ஒரே ஒரு தடவை கொடுத்ததாகக் கேள்வி.

பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனாராம். குடித்த பாவத்தைச் சொன்னதும், "எவ்வளவு குடிச்சே?" என்று சாமியார் கேட்டார். "மூணு மடக்கு சாமி." "தினமுமா?" "தினமும் மூணு மடக்கு." "போய்யா, வெளிய நிஜமான பாவிங்க காத்துக்கிட்டிருக்காங்க, வழியை விடு" என்று துரத்திவிட்டாராம். பெயர் அங்கிருந்துதான் வெளியே வந்தது.

அந்த நாக்கால் அவருக்கு வந்த வினையும் உண்டு. ஒருநாள் கள்ளுக்கடையில் மூன்று மடக்கு முடித்துக் கண்ணைத் திறந்தவர், கடைக்காரரைக் கூப்பிட்டு எல்லோர் காதிலும் விழும்படி, "அண்ணே, இதுல பாதி ஆயர் ஈத்தாம்" என்றார். ஊருக்குக் குழாய்த் தண்ணீர் ஆயர் ஈத்தாம் மலையிலிருந்து வந்த காலம் அது. கடையே கொல்லென்று சிரித்தது. மறுநாளிலிருந்து அண்ணனைப் படியேற விடவில்லை.

நாக்குக்கு வேலையில்லாமல் ஆள் இளைத்தே போனார். அந்தச் சமயத்தில்தான் பீப்பாய்த் துரை வந்து சேர்ந்தார்.

பீப்பாய்த் துரை என்றதும் குண்டான ஆளை நினைத்துவிடாதீர்கள். ஆள் கொடிக்கம்பம். டென்மார்க்காரர். கப்பலில் எஞ்சின் பார்த்துவிட்டு, டத்தோ கிராமாட்டில் ஒரு வீட்டின் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, இரண்டு செப்பு அண்டாக்களை வைத்துக்கொண்டு சொந்தமாக பீர் காய்ச்சினார். அவருக்கு வந்த பார்லி மூட்டையை ஜெட்டியில் துரையும் நானும் பார்த்திருக்க எண்ணும்போது அண்ணன் நாலு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். மென்றார். துப்பினார்.

"தொரைகிட்ட சொல்லு தம்பி. நல்ல பார்லின்னா பல்லுல முறுக்கு மாதிரி ஒடையணும். இது நமுத்த பொரி. தண்ணி பட்டிருக்கு."

நான் இங்கிலீஷில் சொன்னேன். துரை நம்பவில்லை. மூட்டையைப் பிரித்துக் கையை உள்ளே விட்டார். முழங்கை வரை ஈரம். அப்புறம் அண்ணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சனிக்கிழமை கொட்டகைக்கு வரச் சொன்னார். அண்ணனின் இங்கிலீஷ் ஒன், டூ, த்ரீயோடு சரி என்பதால் மொழிபெயர்ப்புக்கு நானும் போனேன்.

துரை கோப்பையை நீட்டி, "அப்பா மச்சாம்?" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். "நம்ம அப்பாவையும் மச்சானையும் இவரு எதுக்கு விசாரிக்கிறாரு?" எப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்கிறார் என்று விளக்கினேன். துரைக்கு மலாய் பாசாரில் சாமான் வாங்குகிற அளவுக்குத் தெரியும். அண்ணனுக்கு ஜெட்டி அளவுக்கு. மீதி நான்.

என் பாடு பெரும்பாடு. "வேப்பம்பூ ரசம் மாதிரி ஆரம்பிச்சு, முடிவுல புளிச்ச மாவு வாடை வருதுன்னு சொல்லு." "அண்டாவை சரியா கழுவல, தகரம் நாக்குல ஒட்டுது." "இது நேத்து வச்ச சாம்பாரு, சுட வச்சிருக்காங்க." இதையெல்லாம் நான் இங்கிலீஷாக்கினால் துரை ஒரு வார்த்தை விடாமல் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மறுவாரம் சொன்ன குறை சரியாகியிருக்கும். அண்ணனும் துரையும் ஒருவரோடொருவர் பேசியது குறைவு. ஆனால் சனிக்கிழமை மதியம் ஆனால் அண்ணன் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பீர் நன்றாகிக்கொண்டே போனது. வாங்கத்தான் ஆளில்லை. கடைசியில் துரையிடம் ஒரு தடவை காய்ச்சுவதற்குத்தான் பார்லி மிச்சம். அதை இரண்டு பீப்பாயாகக் காய்ச்சினார். திங்கட்கிழமை கடற்கரை ஓட்டல் மானேஜர் ருசி பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் கொட்டகை பிழைக்கும். பிடிக்காவிட்டால் துரை மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் ஊருக்கு. எந்தப் பீப்பாயைக் காட்டுவது என்று சனிக்கிழமை அண்ணன் சொல்ல வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நான் போகவில்லை. பாடாங் மைதானத்தில் பந்தாட்டம். ஒரு நாளைக்கு நான் இல்லாமல் என்ன குடிமுழுகிவிடும் என்று நினைத்தேன்.

பந்தாட்டம் முடிந்து ஆற அமரப் போனால், கொட்டகை வாசல் சாக்கடையில் கணுக்கால் ஆழத்துக்கு நுரை. பக்கத்து வீட்டுச் சீனரின் வாத்துகள் எட்டும் அதில் மூக்கை விட்டுவிட்டு, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு ஊர்வலம் போயின. உள்ளே துரை கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து தலையில் கைவைத்திருந்தார். காலிப் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அண்ணன் கத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி! எங்கடா போய்த் தொலைஞ்சே? தொரைக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு! தங்கமான சரக்கு, சாக்கடையில ஊத்திட்டாரு!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்வேன்? பசின்னேன்! பசி, பசின்னு ரெண்டு தரம் சொன்னேன்! உடனே அடைப்பைப் புடுங்கிட்டாருய்யா!"

பாசி என்றால் மலாயில் ஊசிப்போனது. அண்ணன் தன் ஆயுளிலேயே பெரிய பட்டத்தைக் கொடுத்திருக்கிறார். பல்வலி முகம், கண்ணில் நீர், வாயில் "பசி, பசி." துரை பாவம், வேறு என்னத்தைப் புரிந்துகொள்வார்?

"துரை, அவர் சொன்னது தமிழ். பசி என்றால் லாப்பார், வயிற்றுப் பசி. உலகத்திலேயே நல்ல பீர் என்று அர்த்தம்" என்றேன். துரையின் முகத்தை அப்போது பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பந்தாட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதுகூட மறந்துவிட்டது.

"அந்த இன்னொரு பீப்பா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"பரவால்ல" என்றார், அழாத குறையாக.

மிச்சமிருந்தது அண்ணனுக்கு ஊற்றிய கூஜாவில் இருந்ததுதான். அவர் மூன்று மடக்கோடு நிறுத்தியதால் தப்பியது. ஒரு புட்டி தேறியது. அதை இறுக்கி மூடி ஐஸ் கட்டிக்கு நடுவில் புதைத்து, திங்கட்கிழமை வரை மூன்று பேரும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொண்டோம்.

மானேஜர் வந்தார். மலாயாவிலேயே பழமாய்ப் பழுத்த வெள்ளைக்காரர். முதல் கோப்பை காலி. இரண்டாவதை அவரே ஊற்றிக்கொண்டார். மூன்றாவதோடு புட்டி தீர்ந்தது. மூலையில் குடையும் கையுமாக நின்ற அண்ணனைப் பார்த்து, "இது யார்?" என்றார்.

"என் பீரை ருசி பார்ப்பவர்" என்றார் துரை, பெருமையாக.

"இதைப் பற்றி என்ன சொன்னார்?"

துரை எழுந்து நின்று, மார்பை நிமிர்த்திக்கொண்டு, தெரிந்த ஒரே தமிழை எடுத்துவிட்டார். "பாசி!"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மானேஜர் கோப்பையை டக்கென்று கீழே வைத்தார். "பாசியா? ஊசிப்போனதையா எனக்குக் கொடுத்தாய்?" என்று முகம் சிவந்தார். நான் குறுக்கே பாய்ந்து, "சார், தமிழில் சார்..." என்று ஆரம்பிப்பதற்குள் தெருவில் "கச்சாங் பூத்தே!" என்று கடலைக்காரரின் குரல் கேட்டது. மானேஜர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, மலாயில் கேட்டார்.

"அது இருக்கட்டும். முதலில் தின்ன ஏதாவது கிடைக்குமா?"

"பாத்தியா தம்பி!" என்று அண்ணன் குதித்த குதியில் குடை கீழே விழுந்தது. "பசி! மானேஜர் தொரைக்குப் பசி!"

ஓடிப்போய்க் கடலைத் தட்டையே தூக்கிக்கொண்டு வந்தேன். மானேஜர் பிடி பிடியாக வாயில் போட்டுக்கொள்ள, நான் விஷயத்தை விளக்கினேன். சிரித்த சிரிப்பில் அவருக்குக் கடலை புரையேறிவிட்டது. வாரம் இரண்டு பீப்பாய் என்று பேச்சு முடிந்தது. கொட்டகை பிழைத்தது.

ஆனால் சாக்கடையில் போன அந்த பீர் மட்டும் திரும்பி வரவேயில்லை. அதே பார்லி, அதே தண்ணீர், அதே அண்டா. ஓட்டலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அண்ணனுக்குத் தெரிந்தது. மூன்று வருஷம், சனிக்கிழமை தவறாமல் துரை கேட்பார்: "அப்பா மச்சாம்?"

"நல்லாருக்கு தொரை."

"பசி?"

"பசி தாடா, தொரை." தாடா என்றால் இல்லை. துரை நோட்டில் எழுதிக்கொண்டு மறுபடியும் அடுப்பு மூட்டுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒரு தரம் சும்மா சொல்லிடுங்களேண்ணே. வாய் வலிக்குதா?"

"எண்ணாத மூட்டைக்குக் கோடு போடச் சொல்றியா தம்பி?" என்று முறைத்தார்.

ஊரில் தனியாக இருந்த அக்காவிடமிருந்து துரைக்குக் கடிதம் வந்தது. அண்டாக்களை விற்றுவிட்டுக் கிளம்பினார். ஜெட்டியில் அவர் பெட்டிகளை எண்ணிக் கோடு போட்டவர் அண்ணன்தான். மூன்று பெட்டியை நாலு தடவை எண்ணினார். கப்பலுக்குக் கொண்டுபோகும் லாஞ்சில் ஏறப்போன துரை நின்று, கோட்டுப் பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினார். கடைசியாகக் காய்ச்சிய பீர். மதிய வெயில்.

அண்ணன் மூன்று மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். வழக்கம்போல் மிச்சத்தை என்னிடம் கொடுத்தார். நான் ஒரு வாய் வைத்தேன். வெதுவெதுவென்று, நுரை செத்து, பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது.

"அப்பா மச்சாம்?" என்றார் துரை.

அண்ணன் துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஜெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "பசி, தொரை!" என்றார். "பசி!"

துரை நம்பவில்லை. மூன்று வருஷம் பழகிய மனிதர் ஆயிற்றே. "லாப்பார்?" என்று சந்தேகமாகக் கேட்டார். அண்ணன் என் கையிலிருந்த புட்டியை வெடுக்கென்று பிடுங்கி, அண்ணாந்து, இன்னொரு மடக்கு குடித்தார். துரை உடனே நோட்டை எடுத்து அந்த ஒரு வார்த்தையை எழுதி, மூடி, நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு ஏறினார்.

லாஞ்சு கண்ணுக்கு மறைகிற வரை அண்ணன் கையை ஆட்டிக்கொண்டே நின்றார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"எத்தனை தம்பி?"

"மூணுண்ணே."

"சரியா எண்ணினியா?"

"எண்ணினேண்ணே. மூணுதான்."

இன்றைக்கும் யார் கேட்டாலும் மூணுதான். கற்பூரத்தைப் பற்றித் தண்ணீர்மலை முருகனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.