தந்தானந்தர் எடுத்த வெள்ளைப் புழு

பெயர் அர்ஜுனன். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் திருமுக்கூடல் பக்கம். பிழைப்பு, பிள்ளையார்பாளையத்தில் கூலித் தறி. 1968 ஆடி வெள்ளியன்று அவன் நின்ற இடம், தந்தானந்த சுவாமிகளைப் பார்க்க வந்த வரிசையின் வால்.

தலை இரண்டு தெரு தாண்டி இருந்தது. காஞ்சிபுரத்தில் தெய்வங்களுக்குப் பஞ்சமில்லை; பல்லுக்கென்று தனியாக ஒருவர் இல்லாததுதான் குறை. அதைத் தீர்க்க வந்தவர் சுவாமிகள். பல்லுக்குள் புழு இருக்கிறதாம். அது நெஞ்சைக் கடிக்குமாம், காலை அரிக்குமாம், கல்யாணத்தைக்கூடத் தடுக்குமாம். சுவாமிகள் ஏதோ விதையைத் தணலில் போட்டு வாய்க்குள் புகை விடுவார். தண்ணீர்க் கிண்ணத்தில் புழு பொலபொலவென்று உதிரும். அப்புறம் ஒரு வெள்ளிப் பல் வாங்கி உண்டியலில் போட வேண்டும். காலையில் விழுந்த பல் மாலையில் மறுபடி விற்பனைக்கு வரும். விழுந்த பல் முளைப்பது இயற்கைதானே!

அர்ஜுனனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் கூட்டி வந்திருந்த அக்கா காந்தாவுக்குச் சர்க்கரை வியாதி. ஈறெல்லாம் சீழ். கால் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. "ஈறுல இருக்கிற கிருமி ரத்தத்துல கலக்குது. சீழ் இருக்கிற வரைக்கும் சர்க்கரை அடங்காது, புண் ஆறாது. ஊசியை விடாதே, கெட்ட பல்லைப் பிடுங்கிடு. இல்லேன்னா காலை எடுக்கணும்" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். 'ஊசியை நிறுத்தியவருக்கே புழு இறங்கும்' என்றது சுவாமிகளின் நோட்டீஸ். நான்கு நாளாக அக்கா ஊசி போட்டுக்கொள்ளவில்லை. குத்தாத தெய்வத்தை யாருக்குத்தான் பிடிக்காது?

துணைக்கு வந்த சாயப்பட்டறைக் கமலாட்சி, வரிசையிலேயே காந்தாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள்.

"இப்ப இன்னாத்துக்கும்மா?"

"மெல்லு, சொல்றேன்."

முறை வந்தபோது காந்தாவின் வாய் ரத்தச் சிவப்பு. சுவாமிகள் புகை விட்டார். ஒன்பது புழு. கூட்டம் "அரோகரா!" என்றது.

கமலாட்சி கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "சாமி, இருவது வருசமா பட்டுக்குச் சாயம் போட்டுக்கினு இருக்கேன். தொட்டியில முக்கின நூலு வெள்ளையா வந்ததில்ல. இவ வாயி செவசெவன்னு இருக்குது. உம்ம புழு மட்டும் எப்படிய்யா வெளுப்பா வருது?"

"பல்லுக்குள்ள பதுங்கிக்கினு இருந்துதும்மா!"

"அப்டியா?" அவரது பையிலிருந்தே ஒரு பிடி விதையை அள்ளித் தணலில் போட்டாள். புகையை நல்ல தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் திருப்பினாள். பக்கத்தில் எந்த வாயும் இல்லை. விதை படபடவென்று வெடித்தது. தண்ணீரில் பதினாலு வெள்ளைப் புழு!

"இது யாரு பல்லுப்பா? கிண்ணத்துக்குச் சொத்தையா?"

ஒருவர் எடுத்து நசுக்கிப் பார்த்தார். வெடித்த விதையின் உள்முளை.

"எனக்கு நாப்பது எடுத்தாரேய்யா! எனக்கு இருக்கிறதே அஞ்சு பல்லு!" என்று அலறினார், காலையிலேயே புழு எடுத்துக்கொண்ட கிழவர் வீராசாமி.

சுவாமிகள் ஞானதிருஷ்டி உள்ளவர். உதை வருவதை முன்கூட்டியே அறிந்து, உண்டியலோடு கொல்லைப்புறமாக அந்தர்த்தானமானார்.

கூட்டத்துக்கு உடனே அறிவு வந்துவிட்டது. அளவுக்கு மீறியே வந்துவிட்டது. "அப்ப பல்லால உடம்புக்கு ஒண்ணும் வராது! எல்லாம் புளுகு!"

காந்தாவுக்கும் முகம் மலர்ந்தது. "பாத்தியாடா? டாக்டரும் எல்லாம் பல்லாலதான்னு இதேதான் சொன்னாரு, அதுவும் புளுகுதான். வா, வூட்டுக்குப் போலாம்."

அர்ஜுனன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். "புழுதான்க்கா பொய்யி. உன் சீழு பொய்யா? காலு புண்ணு பொய்யா? டாக்டரு கண்ணுக்குத் தெரியாத கிருமின்னாரு. இந்தாளு கண்ணுக்குக் காட்டுனான், நீ நம்பிட்ட!"

"ஊசி வலிக்குதுடா."

"கால எடுத்தா வலிக்காதா?"

காந்தா அர்ஜுனனின் சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். அவன் ஆஸ்பத்திரிப் பக்கம் மிதித்தான்.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பல் துலக்கும்போது ரத்தம் வந்தால், ஈறில் சீழ் வைத்தால், டாக்டரிடம் காட்டுங்கள். தலையை யார் காலில் வேண்டுமானாலும் வையுங்கள். வைப்பதற்கு முன் ஒரு தடவையாவது அதைக்கொண்டு யோசியுங்கள்.