மாமனாருக்கு ஊற்றிய செர்ரி பீர்

ஒரு தீர்மானத்துக்கு வந்தேன். செத்துப்போன மாமனாருக்கு ஊற்றி வைத்த பீரை உயிரோடிருக்கும் மருமகன் குடிப்பது பாவமே இல்லை.

எங்கள் பிர்ஜாய் ஊர்ப் பக்கம் குளிர்காலக் கறுப்பு பீரை வீட்டிலேயே காய்ச்சுவோம். என் மனைவி ஆல்தோனா அதில் புளிப்புச் செர்ரி ஊறப்போடுவாள். கல்லறைத் திருநாளன்று முதல் கோப்பை இறந்தவர்களுக்கு. எனக்குக் கடைசிக் கோப்பைகூடக் கிடையாது. மூட்டுவலியாம், டாக்டர் உத்தரவாம். பீர் இருக்கும் நிலவறையின் சாவி அவள் இடுப்பில்.

"கல்லறையில மெழுகுவத்தி ஏத்தப் போறேன். வரலையா?"

"முழங்கால் வலிக்குதுடி."

"அப்பா கோப்பையத் தொட்டீங்க, அவரே பாத்துப்பாரு!"

போய்விட்டாள். ஆவிகள் வர வேண்டுமென்று வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தோம். பனிமூட்டத்துக்கு அப்பால் கல்லறைத் தோட்டம் சிவப்பாக எரிந்தது. கோப்பையை எடுத்தேன். முதலில் கருகிய ரொட்டி வாசனை. பின்னாலேயே செர்ரியின் புளிப்பு, கடைசியில் கொட்டையின் இளங்கசப்பு. ஆஹா! ஒரே மடக்கில் மூட்டு இருக்கிற இடமே மறந்துபோனது.

பின்னால் மாமனார் ஃபெலிக்ஸாஸின் நாற்காலி கிரீச்சிட்டது.

அப்புறம் மேசையில் டொக், டொக். இன்னொரு கோப்பை வேண்டுமென்றால் அவர் அப்படித்தான் தட்டுவார். திரும்பிப் பார்க்கிற தைரியம் என் பரம்பரைக்கே கிடையாது. கோப்பையை வைத்துவிட்டு ஓடிப்போய்ப் போர்வைக்குள் புகுந்தேன். ஜெபம்கூடத் தலைகீழாக வந்தது.

"என்னங்க! கோப்பை காலி! அப்பா வந்திருக்காரு!" ஆல்தோனாவின் குரல்.

போர்வையோடு வெளியே வந்தேன். நிலவறையிலிருந்து கொண்டுவந்த பீர் ஜாடியோடு நின்றிருந்தாள்.

"நான் ஒரு மடக்குதாண்டி குடிச்சேன்! மீதி சத்தியமா நான் இல்ல!"

"ஓகோ, ஒரு மடக்கு!" விழுந்து விழுந்து சிரித்தாள். "மீதி நான் குடிச்சேன். பாதி வழியில திரும்பி வந்து நாற்காலிய இழுத்ததும் நான்தான். முழங்கால் வலிக்காரர் ஓடுன ஓட்டம் இருக்கே!"

போன உயிர் திரும்பி வந்தது. "அடிப்பாவி! மேசையத் தட்டுனதும் நீதானா?"

அவள் சிரிப்பு நின்றது. "மேசையவா? நான் தட்டலையே. நீங்க தட்டுறீங்கன்னுல்ல நெனச்சேன்."

டொக், டொக்.

அவள் இரண்டு கையும் ஜாடியில். என் இரண்டு கையும் நெஞ்சில். நாற்காலியில் யாருமில்லை. அறை மட்டும் சில்லென்று ஆனது.

"இதோப்பா, ஊத்திட்டேன்," என்று கோப்பையை விளிம்புவரை நிரப்பினாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"எனக்கும் கொஞ்சம்... பயம் தெளியட்டுமே?" என்றேன்.

"அவருக்கு மூட்டுவலி போயிருச்சு. நீங்க டீ குடிங்க."