பெருமுக்கல் பாறையில் ஒரு பனிச்சறுக்கு

வெளிநாட்டில் ஒரு சகலை இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு சகலைகள் இரண்டு நாட்டில் இருந்து, இருவருக்கும் பனிச்சறுக்குப் பைத்தியமும் பிடித்திருந்தால், அந்த வீட்டுக்கு மூன்றாவது மாப்பிள்ளையாகப் போகிறவன் தாலி கட்டும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். நான் யோசிக்கவில்லை.

என் மனைவியின் பெரிய அக்கா கணவர் கனடா. சின்ன அக்கா கணவர் சுவிட்சர்லாந்து. நான் திண்டிவனம் (பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை). விழுப்புரம் பக்கம் காணை கிராமத்தில், மாமனார் வீட்டில் எனக்குத் தலைப்பொங்கல். புது மாப்பிள்ளைக்கு ராஜ மரியாதை என்று நம்பிப் போனால், அந்த வருடம் பார்த்து அவர்கள் இருவரும் வந்து இறங்கியிருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று கறிக்குழம்பில் நல்ல துண்டெல்லாம் கனடாவுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போனது. எனக்குக் கிடைத்த மரியாதை, "மாப்ள, அந்தத் தண்ணி கேனைக் கொஞ்சம் தூக்கிக்கினு வர்றீங்களா?"

காணும் பொங்கலுக்கு வேன் பிடித்துப் பெருமுக்கல் மலைக்குக் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"பனியில சறுக்கற பாதைக்கு ரன்னுன்னு பேரு" என்றார் கனடா.

"எங்க பக்கம் பிஸ்ட்னுதான் சொல்லுவோம்" என்றார் சுவிட்சர்லாந்து. "ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கலர் உண்டு. நீலம் ஈஸி, சிவப்பு மீடியம், கருப்பு கஷ்டம்."

"சிவப்பா? அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது சகல. பச்சைதான் ஈஸி. நீலம் மீடியம்."

டிரைவர் என் பக்கம் திரும்பி, "என்னா சார், பேஜாரா இருக்குது. நம்ம சிக்னல் தேவலாம் போலயே" என்றார். அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மலையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாறைச் சரிவுகள். ஒன்று சாதுவானது, இன்னொன்று செங்குத்து. சுவிட்சர்லாந்து சாதுவைக் காட்டி, "இதான் நீலம்" என்றார். கனடா செங்குத்தைக் காட்டி, "அதெல்லாம் பச்சை. இதான் நீலம்" என்றார். குரல் ஏறியது. அவர்கள் மனைவிமார் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புளிசாதத் தூக்கை யாரும் திறக்கவில்லை.

எங்கள் மாமனார் எந்த மாப்பிள்ளையையும் தப்பு என்று சொல்ல மாட்டார். பெண்ணைக் கொடுத்த இடம். தவித்துப்போய் என்னிடம் வந்தார்.

"மாப்ள, நீங்களே சொல்லுங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் அபிப்பிராயம் அது. இதில் ஜெயித்தால் இனி நானும் ஒரு மாப்பிள்ளை. தலைகால் புரியவில்லை.

"இதுல என்ன மாமா! ஏரிக்கரையில பனமட்டையில சறுக்காத ஆளா நானு? சறுக்கிக் காட்டறேன், எது நீலம்னு தெரிஞ்சிடும்!" (சறுக்கினால் நிறம் எப்படித் தெரியும் என்று அங்கே ஒரு ஜீவனும் கேட்கவில்லை.)

"ஏங்க, வேணாங்க. பட்டு வேட்டிங்க" என்றாள் மனைவி. அவள் பேச்சைக் கேட்கிறவனாக இருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்?

கீழே கிடந்த ஒரு பனைமட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்த பிறகுதான் சிக்கல் உறைத்தது. சாதுவில் இறங்கினால் கனடாவுக்குக் கோபம். செங்குத்தில் இறங்கினால் சுவிட்சர்லாந்துக்குக் கோபம். அதனால் பாதி வழி சாதுவில் வந்து, மீதியைச் செங்குத்தில் முடிப்பதென்று தீர்மானித்தேன். பனைமட்டைக்கு ஸ்டீயரிங் கிடையாது. திரும்புகிற இடத்தில் மட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாமனார் எடுத்துக்கொடுத்த வேட்டியில் பாதி பாறையோடு தங்கிவிட, மீதியோடு நான் சூரைமுள் புதருக்குள் போய்ச் சேர்ந்தேன். காணும் பொங்கல் கூட்டம் மொத்தமும் வந்து பார்த்தது. என் கடை வாடிக்கையாளர்கள் என்னிடம் வாங்கிய போனிலேயே படம் பிடித்தார்கள்.

சகலைகள் இருவரும் ஓடி வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். தூக்கும்போதாவது வாயை மூடினார்களா? "நான்தான் சொன்னேனே, இது நீலமே இல்ல!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அடுத்த பொங்கலுக்கு மாமனார் அவர்களுக்குப் பட்டு வேட்டியும் எனக்குப் பேண்ட் துணியும் எடுத்தார்.

நிறச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் ஒரே ஒரு வார்த்தையில் இரண்டு நாடும் ஒத்துப்போய்விட்டன. போன வாரம் வீடியோ காலில் கனடா சகலையின் மகள் ஹெல்மெட்டோடு குதித்தாள். இருப்பதிலேயே கஷ்டமான சரிவுக்கு அவள் வைத்திருக்கும் பேர்தான் அந்த வார்த்தை; சுவிட்சர்லாந்துப் பையன்களும் அப்படித்தான் சொல்கிறார்களாம்.

"சித்தப்பா! இருக்கறதுலயே கஷ்டமானதுல இன்னைக்கு இறங்கிட்டேன்!"

"கருப்பாம்மா?"

"இல்ல. அதுக்குப் பேரே 'சித்தப்பா'."