எடைக்கு ஆள் தேவை

உலகத்தில் எந்த வேலைக்கும் வெளியாள் தேவையில்லை என்று முழுமனதாக நம்பும் ஒரே மனிதர் எங்கள் வடகரப்பதியில் இருக்கிறார். அவருக்கு 'நாமளே' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. அதை ரேஷன் கடைக்காரரே படிப்பதில்லை. மோட்டார் ஓடவில்லையா? "ஆளெதுக்குங்க, நாமளே பாத்துக்கலாம்." ஓடு ஒழுகுகிறதா? "நாமளே ஏறிடலாமுங்க." இந்த நாமளேயில் அவர் ஒருவர். மீதிப்பேர் அந்த நேரத்தில் அவர் கண்ணில் பட்டவர்கள்.

நான் அடிக்கடி பட்டுவிடுவேன். அவருக்கு அடுத்த தோட்டம் என்னுடையது. எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் உத்தியோகம்.

"நீங்க கம்பெனில இருக்கறவங்க. ஸ்பேனர் புடிக்கறது உங்களுக்குப் புதுசுங்களா?"

"நான் கணக்குப் பிரிவுங்ண்ணா."

"கம்பெனி ஒண்ணுதானுங்களே?"

ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். அவர் பழுது பார்த்த மிக்சி ஒன்று இருக்கிறது. அது இப்போது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. உள்ளே போட்ட தேங்காய் அரைபடாமல் பத்திரமாகத் திரும்பி வரும். மகள் செல்வியின் கல்யாணத்தன்று காலையில் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டார். என்னைப் பின்னால் கண்ணாடி பிடிக்கச் சொன்னார். கல்யாண போட்டோ அத்தனையிலும் தலைப்பாகையோடு கம்பீரமாக நிற்பார். விஷயம் தெரியாதவர்கள் அந்தக் காலத்து மிடுக்கு என்று பாராட்டுவார்கள்.

அந்தக் கல்யாணத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். செல்வி மூணாறு பக்கம், மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே ஃபேக்டரியில் வேலை பார்க்கும் ஜெபராஜை விரும்பினாள். பையன் வீட்டில் சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாமளேவுக்கு அதில் எந்தத் தடையும் இல்லை. "பையனுக்கு வெல்டிங் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். ஆனால் அவருடைய ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், ஒருவரும் வரவில்லை. ரெஜிஸ்டர் கல்யாணம் முடிந்து தோப்பில் போட்ட பந்தியில் இரண்டு வரிசை இலை காலியாகவே கிடந்தது.  மிஞ்சிய சாப்பாட்டை நாமளே எங்களை வைத்தே பொட்டலம் கட்டினார்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும், அவர் மனைவி ராசாமணி அக்கா, மகள் குடியிருக்கும் வீட்டைப் பார்த்ததில்லை. பஸ்ஸும் காரும் மாட்டுப்பட்டி வரைதான். அதற்குமேல் எஸ்டேட் ரோடு. ரோடு என்பது மரியாதைக்குச் சொல்வது; உருண்டு கிடக்கும் கல்லுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஜீப் மட்டும் ஏறும். அக்காவுக்கோ இடுப்புத் தட்டு விலகியிருந்தது. குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் நாமளே நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கினார். பேப்பரில் அதற்குப் பெரிய பெயர். ஊருக்கு அது ஜீப்பு. முன்னால் இரண்டு பேர், பின்னால் எதிரெதிரே இரண்டு நீள சீட்டு. சேற்றில் இறங்கும், பள்ளத்தில் ஏறும், உட்கார்ந்தவரைத் தூக்கித் தூக்கிப் போடும். அக்காவை முதல்முறை அதில் ஏற்றி, கொழிஞ்சாம்பாறை டாக்டரிடம் இடுப்பு வலிக்குக் காட்டக் கூட்டிப்போனார். காட்டிவிட்டு வெளியே வந்த அக்கா, "இனி இந்த வண்டில என்ற காலு படாது" என்று சொல்லிவிட்டு நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அன்றிலிருந்து ஊரில் யாரும் அந்த வண்டியில் ஏறுவதில்லை. தூரத்தில் அது வருவது தெரிந்தால், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான், கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அவசியம் வரவேண்டும் என்று சம்பந்தி வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அக்கா ஒரு புதுச் சேலை எடுத்து மஞ்சள் பையில் வைத்தார். நாமளே யாரிடமோ சொல்லி, இருப்பதிலேயே நல்ல ஷாக் அப்சார்பர் நாலு ஆன்லைனில் வரவழைத்தார். சிவப்பு நிறம், ஒவ்வொன்றும் என் கை பருமன். ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மலையாளி ஷாஜி, மாட்டித் தரட்டுமா என்று கேட்டதற்கு அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது உங்களுக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை களத்தில் வேலை ஆரம்பம். ஜாக்கி வைத்துத் தூக்கி, தென்னந்தடித் துண்டுகளை அண்டக் கொடுத்தார். ஆள்பலம்: நான், டிராக்டர் ஓட்டும் துரைசாமி. ஷாஜி ஸ்கூட்டரில் வந்து வேலியோரம் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான்.

"என்ன ஷாஜி?"

"ஞான் ஒண்ணும் பறயுந்நில்ல, சேட்டா."

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்வதற்காகவே அவன் அன்று நாலைந்து தடவை வந்தான்.

பழைய ஷாக்கின் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. "நம்மூருல எண்ணெய்க்கா பஞ்சம்?" என்று நாமளே ஒரு செம்பு தேங்காயெண்ணெய் கொண்டுவரச் செய்தார். பாதி நட்டுக்குப் போனது. அடியில் படுத்திருந்தவர் தலைக்கு மீதி. அப்படியும் அசையவில்லை. ஸ்பேனரில் போர்வெல் குழாய் ஒன்றைச் செருகி, நானும் துரைசாமியும் அதில் தொங்கினோம். டப்பென்று ஒரு சத்தம். "கழண்டுருச்சுங்க!" என்று அடியிலிருந்து உற்சாகக் குரல். அது கழலவில்லை, உடைந்துவிட்டது என்று நான் எடுத்துச் சொன்னேன்.

"வெளிய வந்துருச்சில்லீங்க?" என்றார்.

புதிய ஷாக்குகளை அமுக்கி, ஒரு பட்டையால் கட்டி அனுப்பியிருந்தார்கள். கூட வந்த தாளை நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக்கொண்டிருந்தேன். மேல்முனையை மாட்டும் முன் பட்டையை எக்காரணம் கொண்டும் அறுக்காதீர்கள் என்ற வரிக்கு நான் வந்தபோது நறுக்கென்றது. உஸ்ஸென்ற பெருமூச்சோடு ஷாக் மெதுவாக நீள ஆரம்பித்தது.

"அண்ணா, வளருதுங்க," என்று துரைசாமி பின்வாங்கினான்.

மற்ற மூன்றையாவது தொடாமல் இருக்கச் சொல்லலாம் என்று திரும்பினேன். மூன்றும் முழு உயரத்தில் சுவரோரம் நின்றன. நேரம் மிச்சமாகுமே என்று அவர் காலையிலேயே அறுத்து வைத்துவிட்டார்.

அதன்பிறகு அன்றைய பொழுது, உட்காருவதில் போனது. ஷாக்கைத் தரையில் நிறுத்தி, மேலே பலகை வைத்து, துரைசாமி உட்கார்ந்தான், கொஞ்சம் இறங்கியது. நான் உட்கார்ந்தேன், பாதி இறங்கியது. "உங்க எடை நல்ல எடைங்க," என்றார் நாமளே. என் உடம்பை யாரும் அவ்வளவு மதிப்போடு பார்த்ததில்லை. இருவருமாக உட்கார்ந்ததும் அவர் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். மாட்டும்போது முடிச்சு அவிழும், ஷாக் வளரும், மறுபடி பலகை, மறுபடி நாங்கள். பொழுது சாயும்போது நாலும் ஏறிவிட்டன. என் முதுகு எந்த டாக்டருக்கும் நல்ல வருமானம் தரும் நிலையில் இருந்தது.

சோதனை ஓட்டத்துக்கு ஆளைக் கூப்பிடவில்லை. முன் சீட்டில் ஒரு தூக்குப்போசி நிறைய மோர் வைத்து, மூடாமல், வாய்க்கால் மேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போய்வந்தார். அக்கா வாசலில் காத்துக்கொண்டு நின்றார். வண்டி வந்தது. மோர் கண்ணாடியில் இருந்தது, கூரையில் இருந்தது, நாமளேயின் மீசையில் இருந்தது. போசியில் இல்லை. வண்டி முன்னைவிட மோசமாக, கட்டாந்தரையில் மூட்டையை இழுத்த மாதிரி குதித்திருக்கிறது.

அக்கா கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. "மோரு வீணாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மஞ்சள் பையிலிருந்த புதுச் சேலையை எடுத்துத் திரும்ப பீரோவில் வைப்பதை ஜன்னல் வழியாக நாங்கள் மூவரும் பார்த்தோம். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நாமளே மீசையைத் துடைக்கவும் மறந்து நின்றார். அடுத்து என்ன செய்யலாம் என்று அவர் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டொரு நாளில் துரைசாமியின் டிராக்டர் டயர் வெடித்தது. சந்தைக்குப் போகவேண்டிய தேங்காய் மூட்டைகளை வேறு வழியில்லாமல் ஜீப்பில் ஏற்றினார்கள். நாமளே ஓட்ட, துரைசாமி மூட்டைகள் மேல் படுத்துக்கொண்டு போனான். சந்தைக்குப் போய் வண்டியை நிறுத்தி, இறங்கச் சொன்னால் பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் துரைசாமி தூங்கிக்கொண்டிருக்கிறான். அந்த வண்டியில் ஒரு மனிதன் தூங்கினான் என்ற செய்தி மாலைக்குள் எலப்புள்ளி வரை போய்விட்டது.

நாமளே நேராக என்னிடம் வந்து, அந்தத் தாளை மறுபடி படிக்கச் சொன்னார். கடைசிப் பக்கத்தில் இருந்தது: பாரம் ஏற்றி ஓட்டும் வண்டிகளுக்கானது, வெறும் வண்டியில் மாட்டினால் விறைப்பாக இருக்கும்.

"அட, வண்டிக்கு எடை பத்தலீங்க!" அவர் முகம் வெளிச்சமாகிவிட்டது.

"அப்ப நாலு மூட்டைத் தேங்காயை ஏத்திட்டுப் போயிடலாமுங்ண்ணா."

"மூட்டை ஆகாதுங்க." அவர் கொஞ்ச நேரம் வேலியைப் பார்த்தார். "மலை மேட்டுல மூட்டை சரியும். ஆளுகன்னா கம்பியைப் புடிச்சு உக்காந்துக்குவாங்க. ஆளுகதான் வேணும்."

மறுநாளிலிருந்து ஊருக்குள் எடைக்கு ஆள் எடுத்தார். "ஏனுங்க, கிறிஸ்துமசுக்கு மூணாறு பக்கம் சும்மா வந்து உக்காந்திருக்கோணும். எடை பத்தலீங்க." கொப்பரை எடைபோடும் மேடைத் தராசில் என்னை ஏற்றிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைத்தார். "உங்க ஊட்டம்மணியையும் கூட்டியாந்துருங்க. அவிய இருந்தா பின்னாடி நல்லா அமுங்கும்" என்றார். என் மனைவிக்கு இது வேலிக்கு அந்தப் பக்கம் கேட்டுவிட்டது. வந்தாள், ஆனால் உடுமலை தாண்டும்வரை அவரிடம் பேசவில்லை. துரைசாமியும் அவன் மனைவியும் வந்தார்கள். ஷாஜி, எதற்கும் இருக்கட்டும் என்று மடியில் டூல் பெட்டியோடு வந்து ஏறினான். அவனைப் பெட்டியோடு சேர்த்துத் தராசில் நிறுத்தினார்.

கிறிஸ்துமஸ் அன்று விடிந்ததும் கிளம்பினோம். பின் சீட்டுகளுக்கு நடுவே, சீட்டுக்கடியில் எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி ஏதோ அடைத்திருந்தது. என்ன என்றதற்கு, "மகளுக்குச் சீர் சாமானுங்க" என்றார். காலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முன் சீட்டில் அக்கா, இடுப்புக்கு ஒரு தலையணை, மடியில் மூடாத போசியில் மோர். அதை வைத்துக்கொள்ளச் சொன்னது நாமளே.

உடுமலை, சின்னாறு, மறையூர் தாண்டி மாட்டுப்பட்டி வரை ஒரு குறையும் இல்லை. எஸ்டேட் ரோடு ஆரம்பித்தது. எல்லோர் கண்ணும் போசிமேல். முதல் பெரிய கல்லில் ஏறினோம். மோர் ஒரு பக்கம் சாய்ந்தது, விளிம்பைத் தொட்டது, திரும்பியது. பின்னும் ஏறினோம், இறங்கினோம், வளைந்தோம். செல்வி வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அக்கா போசியை இரண்டு கையாலும் தூக்கி எங்களுக்குக் காட்டினார். சேலையில் ஒரு துளிகூட இல்லை.

"இனி பறயாம்," என்றான் ஷாஜி. "கொள்ளாம், சேட்டா." நன்றாக இருக்கிறது என்று அவன் பாஷையில் பாராட்டு.

செல்வி ஓடிவந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அக்கா அவளைப் பார்ப்பதா, வீட்டைப் பார்ப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து அழுதார். நாங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீர் இறக்கப் போனோம். துரைசாமி தார்ப்பாயை விலக்கினான்.

"அட, அன்னிக்கு நான் படுத்துத் தூங்குன மாதிரியே தேங்கா மூட்டைகளுங்க!"

அடியில் வரிசையாக, அதே போல் கட்டிய மூட்டைகள். எண்ணிக்கையும் அதே என்றான். வண்டிக்கு வேண்டிய எடை நாங்கள் ஏறுவதற்கு முன்பே ஏறியிருந்தது. நான் நாமளேயைப் பார்த்தேன்.

"மூட்டை சரியும்னு சொன்னீங்களேண்ணா?"

அவர் குனிந்து, சுத்தமாக இருந்த ஒரு ஷாக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "சரியாம இருக்கத்தானுங்க மேல நீங்கெல்லாம்," என்றார். நிமிரவில்லை.

அதற்குள் ஜெபராஜின் அம்மா வந்துவிட்டார். "வாங்க சம்பந்தி, எம்புட்டு நேரமா வழிபாத்துக்கிட்டு இருக்கோம்! இவுங்கல்லாம் யாரு?"

நாமளே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எங்களை ஒருமுறை பார்த்தார்.

"எல்லாம் நம்ம ஒறம்பரைங்க," என்றார். "அன்னிக்கு வர முடியாமப் போச்சு. இன்னிக்கு வந்துட்டாங்க."

கல்யாணத்தன்று பந்தி பரிமாறிய நாங்கள் ஆளுக்கொரு கும்பிடு போட்டோம். அன்று அந்தச் சின்ன வீட்டில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒரு இலைகூடக் காலியாக இல்லை. நாமளே எழுந்து போய் இலை வரிசையைக் கடைசி வரை பார்த்துவிட்டு வந்து, பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஏனுங்க, சித்தெ வாங்க" என்று குரல் வருகிறது. என்ன வேலை என்று நான் கேட்பதில்லை. அழைப்பது ஒறம்பரை ஆயிற்றே. நல்ல சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் போய்விடுகிறேன்.