இடதா, வலதா, ஆண்டவரே?

கார் நாற்சந்தியின் நட்டநடுவில் நின்றுகொண்டிருந்தது. பின்னால் ஒரு லாரியும் ஒரு பஸ்ஸும் ஒரு பால் வண்டியும் போட்டி போட்டுக்கொண்டு ஹாரன் அடித்தன. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க வேண்டிய இரண்டு கைகளும் கூப்பியிருந்தன. சாலையைப் பார்த்திருக்க வேண்டிய இரண்டு கண்களும் மூடியிருந்தன.

"அத்தான், பச்சை விழுந்து, மறுபடியும் சிவப்பே விழுந்தாச்சு" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த மச்சான்.

"ஜெபத்துல குறுக்கே பேசாதே."

"எதிர்லயே போர்டு இருக்கே! நாம போற ஊர் பேரைக் கொட்டை எழுத்துல போட்டு, இடது பக்கம் அம்பும் போட்டிருக்கான்."

"போர்டு மனுஷன் வச்சதுடா."

மனுஷன் வைத்த போர்டை இவ்வளவு இளக்காரமாகப் பேசியவருக்கு உத்தியோகம் நில அளவைத் துறையில். ஊரார் வேலிச் சண்டைகளையெல்லாம் அங்குல சுத்தமாகத் தீர்த்துவைக்கும் சர்வேயர். ஆபீசில் வரைபடம் இல்லாமல் ஓரடி எடுத்துவைக்க மாட்டார். ஆபீசை விட்டு வெளியே வந்துவிட்டால், ஆண்டவரைக் கேட்காமல் பல்கூடத் துலக்க மாட்டார். சபையில் அவருக்குத் 'தரிசனம் ஐயா' என்று பெயர். அவர் அந்தப் பக்கம் போனதும் ஐயாவை எடுத்துவிடுவார்கள்.

டாஷ்போர்டின் மேல் ஒரு தகர டப்பா இருந்தது. முன்பு பிஸ்கட் இருந்த டப்பாவில் இப்போது பைபிள் வசன அட்டைகள் இருந்தன. எந்தச் சட்டை போடுவது, முட்டையை அவிப்பதா பொரிப்பதா, மேலதிகாரிக்கு வணக்கம் சொல்லலாமா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் அதில் கைவிட்டு ஓர் அட்டை எடுப்பார். வந்த அட்டை பிடிக்கவில்லையென்றால், மனசு ஒருநிலையில் இல்லை என்று சொல்லி இன்னொன்று எடுப்பார். வானத்தையும் பூமியையும் படைத்தவர், இவருக்குத் தோதான பதில் வருகிறவரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆண்டவர் எதற்கு, ஆபீஸ் பியூனே போதும்.

இன்றைக்கு அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். உறவுக்காரர்கள் எல்லாரும் பஸ் பிடித்து முன்னாலேயே போய்விட்டார்கள். பெண்ணைத் தன் கையாலேயே ஓட்டிக்கொண்டு வரும்படி கர்த்தர் சொன்னதாக இவர் அடம்பிடித்ததால், மணப்பெண் வெள்ளை கவுனும் முக்காடுமாகப் பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளையும் டப்பாவில் வந்தவர்தான். வரன்கள் மூன்று வந்தன. மூன்று முறை அட்டை எடுத்தார், ஒரு மாப்பிள்ளை முடிவானார். அப்போது பெண் ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள்.

"அப்பா, அவர் என்னை லேப் வேலையை விடச் சொல்றார். பேசறப்போ என் முகத்தைக்கூடப் பார்க்கலைப்பா. அவங்க அம்மாவுக்கு முட்டி வலியாம், வீட்டு வேலையெல்லாம் தெரியுமான்னு மட்டும் கேட்டார்."

"நீ கர்த்தரோட சித்தத்தை எதிர்த்து வாதாடறியா?"

அதோடு பேச்சு முடிந்தது. கர்த்தரே கையெழுத்துப் போட்டுவிட்ட உத்தரவுக்கு அப்பீல் எங்கே போய்ச் செய்வது?

மாப்பிள்ளையின் அப்பா ரிட்டயரான ஸ்டேஷன் மாஸ்டர். "ஆராதனை பத்து மணிக்கு. பத்தேகாலுக்குப் பொண்ணு வரலைன்னா, நான் பையனைக் கூட்டிட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் இந்தச் சம்பந்தமே கிடையாது" என்று சொல்லிவைத்திருந்தார். மனிதர் சொன்னால் செய்கிறவர். ஒருமுறை சொந்தத் தம்பியையே பிளாட்பாரத்தில் விட்டுவிட்டு வண்டிக்குக் கொடி காட்டினவராம்.

தரிசனம் கண்ணைத் திறந்து அட்டை எடுத்தார். மனந்திரும்பச் சொல்லும் வசனம் வந்தது.

"இது உனக்கு" என்று மச்சான் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்று எடுத்தார். அகலமான வாசலை விட்டு இடுக்கமான வாசல் வழியாகப் போகச் சொல்லும் வசனம் வந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"பார்த்தியா! இடது பக்கம் ரோடு எவ்வளவு அகலம்! வலது பக்கம் சந்து மாதிரி இருக்கு. வலதுதான்!"

"அது சந்து மாதிரி இல்ல அத்தான், சந்தேதான்!"

கார் வலது பக்கம் திரும்பியது.

சந்து போகப் போகக் குறுகியது. ஒரு பக்கம் மரக்கடைச் சுவர், இன்னொரு பக்கம் சாக்கடை. முதலில் இடது பக்கக் கண்ணாடி சுவரில் உரசிக் கழன்று விழுந்தது. தரிசனம் அசரவில்லை, வழி இடுக்கமாக ஆக ஆக அவருக்கு நிச்சயம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் சந்து ஒரு கோழிப் பண்ணைக்குள் போய் முடிந்தது. கோழிகள் பறந்தடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தன. ஒன்று மணப்பெண்ணின் மடியில் உட்கார்ந்து, உட்கார்ந்ததற்கு அடையாளமும் வைத்துவிட்டுப் போனது.

"ஐயோ, கவுன்!" என்று அலறினாள் அம்மா. "பொண்ணைப் பெத்த மனுஷன் செய்யற வேலையா இது?"

"பரவாயில்லம்மா" என்றாள் பெண். "பூச்செண்டை வச்சு மறைச்சுக்கலாம்."

தரிசனத்துக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. "என் வளர்ப்பு!" என்றார். மச்சான் இறங்கி, கோழிகளை விரட்டி, பின்பக்கமாகவே சந்து முழுக்க வண்டியை வெளியே எடுக்க வைத்தார். பம்பரின் ஒரு மூலை மரக்கடைச் சுவரிலேயே தங்கிவிட்டது.

வெளியே வந்ததும் மச்சான் போனை எடுத்து மேப்பைத் திறந்தார்.

"மாமா, நீங்க வெளியே பார்த்து வழி சொல்லுங்க, போனை நான் பிடிச்சுக்கிறேன்" என்று பெண் பின்சீட்டிலிருந்து கையை நீட்டினாள். கொடுத்தார். கொஞ்ச நேரத்தில், "மாமா, சார்ஜ் போயிடுச்சு" என்றாள்.

"காலையிலதானே ஃபுல்லா ஏத்தினேன்!"

"மெஷினை நம்பினா இப்படித்தான்" என்றார் தரிசனம்.

பக்கத்தில் சைக்கிளில் ஒருவர் வந்தார். மச்சான் கையைக் காட்டி நிறுத்தி, சர்ச்சுக்கு வழி கேட்டார். அவர் வழி சொல்ல வாயெடுப்பதற்குள் தரிசனம் தலையை வெளியே நீட்டினார்.

"ஐயா, நீங்க ரட்சிக்கப்பட்டவரா?"

"இல்லீங்க, நான் கறிக்கடைக்காரன்."

கறிக்கடைக்காரர் நல்ல மனிதர். நேராகப் போய், பெட்ரோல் பங்க் தாண்டி இடது பக்கம் திரும்பினால் கோயில் கோபுரம் தெரியும் என்று கை காட்டினார். "நானும் அந்தப் பக்கம்தான் போறேன், என் பின்னாலேயே வாங்களேன்" என்றுகூடச் சொன்னார். தரிசனத்துக்கே மனசு கொஞ்சம் இளகி, கியரைப் போட்டுவிட்டார்.

"அப்பா, கார்டு எடுக்கலையா?" என்றாள் பெண்.

"கண்ணு, ஞாபகப்படுத்தினியே!"

துன்மார்க்கரின் யோசனைப்படி நடக்காதவனைப் பாராட்டும் வசனம் வந்தது. தரிசனம் கறிக்கடைக்காரரை மேலும் கீழும் பார்த்தார், நன்றி சொன்னார், எதிர்த் திசையில் வண்டியை விட்டார். கறிக்கடைக்காரர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்று, கார் மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் போன் அடித்தது. சம்பந்தி.

"எங்க இருக்கீங்க?" அவர் குரல் காரெல்லாம் கேட்டது.

தரிசனம் போனை வாங்கினார். "கர்த்தருடைய கரத்துக்குள்ள இருக்கோம் சம்பந்தி."

"அது எந்த ரோட்ல இருக்கு?"

"அவர் நடத்தற ரோட்ல..."

"இங்க மணி பத்து ஆகப் போகுது!" என்றுவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அம்மா அழ ஆரம்பித்தாள். "சொந்தக்காரங்க முன்னாடி தலை காட்ட முடியாது. வெளியே நாலு பேர் என்ன பேசுவாங்க? அந்த டப்பாவை ஜன்னல் வழியா எறிஞ்சுடு தம்பி!"

"எறியாதீங்க மாமா" என்றாள் பெண் சட்டென்று. "அப்பா நம்பிக்கையில குறுக்கே நிக்கக் கூடாது."

தரிசனத்தின் கண் கலங்கியது. இந்தப் பெண்ணுக்கு இருக்கும் விசுவாசத்தில் பாதி தன் மனைவிக்கு இருந்திருந்தால் குடும்பம் எங்கேயோ போயிருக்கும் என்று சொன்னார். குடும்பம் ஏற்கெனவே எங்கேயோதான் போய்க்கொண்டிருந்தது.

வேறொரு ரோட்டில் இன்னொரு பெட்ரோல் பங்க் வந்தது. காரின் முள் கடைசிக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"அத்தான், இதையாவது நான் சொல்றபடி கேளுங்க. பெட்ரோல் போட்டுடுவோம்."

அட்டை. ஏழை விதவையின் கலயத்தில் எண்ணெய் குறையாத வசனம் வந்தது.

"வந்திருக்கிறதைப் பார்! எண்ணெய்!"

"அது சமையல் எண்ணெய் அத்தான்!"

கார் பங்கைத் தாண்டியது. ஒரு மேட்டில் ஏறி, ஓர் ஏரிக்கரையில் இறங்கி, இருமி, குலுங்கி, நின்றது. அந்த விதவைக்குச் செய்ததை இந்த வண்டிக்குச் செய்ய ஆண்டவருக்கு மனசு வரவில்லை போலும். ஏரிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல, கோயில் கோபுரம் தெரிந்தது. மணி அடிப்பதும் தெளிவாகக் கேட்டது.

மச்சான் கதவைத் திறந்துகொண்டு குதித்தார். "இறங்குங்க எல்லாரும்! கரை மேலேயே ஓடினா பத்து நிமிஷம்தான். அவர் கிளம்பறதுக்குள்ள பிடிச்சிடலாம்!"

"இந்த ஹீல்ஸ்ல ஓட முடியாது மாமா" என்றாள் பெண்.

"கழட்டிட்டு வாம்மா!"

"பக்கிள் மாட்டிக்கிச்சு." அவள் குனிந்தாள். பக்கிளைத் தேடினாள், முக்காட்டை ஒதுக்கினாள், மறுபடியும் தேடினாள். அம்மா குனிந்து உதவப் போனாள், "வலிக்குதும்மா" என்று காலை இழுத்துக்கொண்டாள். தரிசனம் இந்த நெருக்கடியிலும் டப்பாவைத் திறந்து, இறங்கலாமா வேண்டாமா என்று அட்டை எடுத்தார். அமைதியாய் இருக்கச் சொல்லும் வசனம் வந்தது. அமைதியாய் இருந்தார்.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை கோயிலில் காத்திருந்த பெரியப்பா.

"கிளம்பிட்டாங்க. மாப்பிள்ளை, அவங்க சொந்தம் எல்லாரும் வண்டி ஏறியாச்சு. இந்த ஜென்மத்துல இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு பாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டாங்க. நீங்க இனிமே வந்தும் பிரயோஜனமில்லை."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தரிசனம் முதன்முறையாக உடைந்துபோனார். டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு காரை விட்டு இறங்கி, நடுரோட்டில் மண்டியிட்டார். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் எல்லைக்கல் நட்டவர், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் கத்தினார்.

"ஆண்டவரே! ஒவ்வொரு திருப்பத்துலயும் உம்மகிட்டத்தானே கேட்டேன்! ஏன் எனக்குத் தப்பு வழி காட்டினீர்?"

காரின் பின்கதவு திறந்தது. அத்தனை நேரம் வராத பக்கிள் ஒரே இழுப்பில் கழன்று வந்திருந்தது. மணப்பெண் செருப்பிரண்டையும் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு அவர் பக்கத்தில் வந்து நின்று, தோளைத் தொட்டாள்.

"வழி தப்பில்லப்பா. கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு நேத்து நானும் அவர்கிட்டதான் கேட்டேன்."